அணியா, ஆட்டமா?

1996 மார்ச் 13. கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் உலகக் கோப்பை அரையிறுதி. இலங்கையின் 251 ரன்களைத் துரத்திய இந்தியா, ஒரு விக்கெட் இழப்புக்கு 98 என்று நிம்மதியாகத்தான் இருந்தது. 65 ரன் எடுத்திருந்த சச்சின், ஜெயசூர்யாவின் பந்தில் ஸ்டம்பிங் ஆனார். அங்கே தொடங்கிய சரிவு, 120இல் எட்டாவது விக்கெட் விழும்வரை நிற்கவில்லை. கேலரியிலிருந்து பாட்டில்கள் பறந்து வந்து எல்லைக்கோட்டருகே விழுந்தன. ஆட்ட நடுவர் கிளைவ் லாயிட் இரு அணிகளையும் உள்ளே அழைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி தொடங்கிப் பார்த்தார். பலனில்லை. கேலரியில் தீ எரிந்துகொண்டிருந்தது. ஆட்டம் அத்தோடு நிறுத்தப்பட்டு இலங்கைக்கு வெற்றி வழங்கப்பட்டது. ஆட்டமிழக்காமல் நின்ற வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறினார்.

அந்த அரங்கில் சுமார் ஒரு லட்சம் பேர் இருந்தார்கள். கலவரம் செய்வதற்கென்று டிக்கெட் வாங்கியவர்கள் அல்ல அவர்கள். அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு போட்டு வந்தவர்களும், பிள்ளையைத் தோளில் தூக்கி வந்தவர்களும்தான். இலங்கை அன்று எந்த ஏமாற்றும் செய்யவில்லை. நன்றாக ஆடியது, அவ்வளவுதான். அப்படியிருக்க, ஒரு நல்ல ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு அந்த ஆட்டமே நடக்கக் கூடாது என்று எப்படித் தோன்றியது?

தேர்தல் முடிவு வரும் மாலைகளிலும் இதே கேள்வி எழுகிறது. ஓட்டுப் போட வரிசையில் பொறுமையாக நின்ற அதே மனிதர், தன் கட்சி தோற்றதும் எண்ணிக்கை, அதிகாரி, நீதிமன்றம் எதையும் நம்ப மாட்டேன் என்கிறார். ஜெயித்தவரோ தோற்றவரின் வீட்டு வாசலில் போய் சரவெடி கொளுத்துகிறார். விளையாட்டு ரசிகரையும் கட்சித் தொண்டரையும் ஆராய்ந்த உளவியலாளர்களும் நரம்பியலாளர்களும் கடந்த எழுபது ஆண்டுகளில் கண்டுபிடித்தவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. இரண்டு இடத்திலும் வேலை செய்வது ஒரே மனம், ஒரே மூளை. அதைத் திருத்தும் வழியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரே படம், இரண்டு ஆட்டம்

1951 நவம்பரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழக அணிகள் அமெரிக்கக் கால்பந்தில் மோதின. பிரின்ஸ்டனின் நட்சத்திரம் டிக் காஸ்மையர். அந்த மாதம் டைம் இதழின் அட்டையிலேயே அவர் படம்தான். இரண்டாம் கால் பகுதியில் மூக்குடைந்து அவர் வெளியேறினார். அடுத்த பகுதியில் டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. பிரின்ஸ்டன் 13-0 என்று வென்றது. ஆனால் சண்டை மாணவர் இதழ்களில் வாரக்கணக்கில் நீடித்தது. ‘அவர்கள் வேண்டுமென்றே அடித்தார்கள்’ என்றது ஒரு பக்கம். ‘ஆட்டம் என்றால் அப்படித்தான்’ என்றது மறு பக்கம்.

டார்ட்மத்தின் ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃபும் பிரின்ஸ்டனின் ஹேட்லி கேன்ட்ரிலும் ஆட்டத்தின் படச்சுருளை இரண்டு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். விதிமீறல் எது கண்ணில் பட்டாலும் குறிக்க வேண்டும். டார்ட்மத் மாணவர்கள் தம் அணி செய்ததாகக் கண்டது சராசரியாக 4.3 மீறல்கள். பிரின்ஸ்டன் மாணவர்கள் அதே டார்ட்மத் அணியிடம் கண்டது 9.8. அதாவது இரு மடங்குக்கும் மேல். படம் ஒன்றுதான். யாரும் பொய் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைத்தான் குறித்தார்கள். 1954இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது இதுதான்: மனிதர்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு பக்கம் சேர்வதில்லை. சேர்ந்திருக்கும் பக்கமே எந்த ஆட்டத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்துவிடுகிறது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் வீடுகள் என்றோ கண்டுகொண்ட உண்மைக்கு அது எண்களில் சாட்சி சொன்னது.

இதன் அரசியல் பதிப்பு 2012இல் வெளியானது. யேல் பல்கலைக்கழகத்தின் டேன் கஹானும் சக ஆய்வாளர்களும் ஓர் ஆர்ப்பாட்டத்தின் காணொளியைக் காட்டினார்கள். பாதிப் பேரிடம் இது கருக்கலைப்பு மருத்துவமனைக்கு எதிரான போராட்டம் என்றார்கள். மறுபாதியிடம், தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு ராணுவம் விதித்திருந்த கட்டுப்பாட்டை எதிர்க்கும் போராட்டம் என்றார்கள். காணொளி ஒன்றே. ஆனால் தமக்குப் பிடித்த கொள்கைக்கான போராட்டம் என்று நம்பியவர்கள் அதில் அமைதியான ஆட்களைக் கண்டார்கள். பிடிக்காத கொள்கை என்று நம்பியவர்கள் வழிமறிப்பதையும் மிரட்டுவதையும் கண்டார்கள்.

கள நடுவர் மேல் வரும் கோபத்துக்கும் இதுவே ஊற்று. 1982இல் பெய்ரூட்டில் நடந்த படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரு தரப்பாருக்கும் காட்டினார்கள். இஸ்ரேல் ஆதரவாளர்கள் இது எங்களுக்கு எதிராகச் சாய்ந்த செய்தி என்றார்கள். அரபு ஆதரவாளர்களும் அதையே சொன்னார்கள். நடுவில் நிற்பவர் இரு பக்கத்துக்கும் சாய்ந்தவராகவே தெரிகிறார். அம்பயர் விலைபோய்விட்டார், செய்தித்தாள் விலைபோய்விட்டது, ஆணையம் விலைபோய்விட்டது என்று இரு தரப்பும் ஒரே நேரத்தில் உறுதியாகச் சொல்வதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தக் கண் கோளாறு.

எதிரிக்குச் சகுனத் தடை

இப்படிப் பார்வையையே மாற்றிவிடும் ‘நம்மாள்’ என்ற உணர்வு உருவாகப் பல தலைமுறைப் பகை தேவையா? போலந்தில் பிறந்த யூதரான ஹென்றி தாஜ்ஃபெலுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகி, உயிர் தப்பித் திரும்பியபோது தன் குடும்பத்தார் கொல்லப்பட்டிருந்ததைக் கண்டவர் அவர்.

பின்னாளில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பள்ளி மாணவர்களை வைத்து அவர் ஒரு சோதனை செய்தார். பால் க்ளீ, கண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, யாருடையது பிடிக்கிறது என்று கேட்டு, பிறகு பையன்களை இரு குழுவாக்கினார். உண்மையில் குழு பிரித்தது குலுக்கல் முறையில்தான். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதுகூடப் பையன்களுக்குத் தெரியாது. பிறகு இரு குழுவிலும் முகம் தெரியாத ஒருவருக்குக் காசு பிரித்துக் கொடுக்கச் சொன்னார். ஒரு பட்டியலில் ஒரு கோடியில், நம் குழுப் பையனுக்கு 19, எதிர்க் குழுப் பையனுக்கு 25. மறு கோடியில் நமக்கு 7, அவனுக்கு 1. கணக்கு பார்த்தால் 19தான் லாபம். ஆனால் பையன்களின் தேர்வு தம் குழு முந்தி நிற்கும் பக்கமாகவே சாய்ந்தது. எதிரிக்குச் சகுனத் தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொள்ளும் குணத்துக்கு, குலுக்கல் சீட்டில் விழுந்த ஒரு பெயரே போதுமானதாக இருந்தது.

இந்த ‘நம்மாள்’ உணர்வு உடம்புக்குள்ளும் இறங்குகிறது. 1994 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் பிரேசில் பெனால்ட்டி ஷூட் அவுட்டில் இத்தாலியை வென்றது. அமெரிக்காவில் அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு சிறிய குழு ஆண் ரசிகர்களின் உமிழ்நீரை ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். பிரேசில் ரசிகர்களின் டெஸ்டோஸ்டீரோன் சுமார் 28 விழுக்காடு ஏறியிருந்தது. இத்தாலி ரசிகர்களுக்கு 27 விழுக்காடு இறங்கியிருந்தது. பந்தைத் தொடாதவர்களின் உடம்பு, தானே ஆடியதுபோல் கணக்கு வைத்திருந்தது. 2008 அமெரிக்க அதிபர் தேர்தல் இரவில் வாக்காளர்களிடம் இதேபோன்ற சோதனை நடந்தது. ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்ட ஆண்களோடு ஒப்பிட்டால், தோற்ற மெக்கெய்னுக்குப் போட்ட ஆண்களின் டெஸ்டோஸ்டீரோன் சரிந்திருந்தது. 2006 உலகக் கோப்பையின்போது ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் வட்டாரத்தில் இதய நோய் அவசரங்கள் வழக்கத்தைப் போல் 2.66 மடங்கு ஆயின. ‘சும்மா ஒரு மேட்ச்தானே’ என்று ரசிகனிடம் சொன்னால் அவன் மனம் ஆறாது. அவன் உடம்புக்கு அது சும்மா இல்லை.

வெற்றியை ஒட்டிக்கொள்வதும் தோல்வியை உதறுவதும் இதன் தொடர்ச்சி. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1970களில் ஏழு பல்கலைக்கழகங்களில் இதைக் கவனித்தார். தம் அணி வென்ற வாரத் திங்கட்கிழமைகளில் மாணவர்கள் கல்லூரிப் பெயர் பொறித்த உடைகளை அதிகமாக அணிந்து வந்தார்கள். தொலைபேசியில் கேட்டபோது வெற்றியை ‘நாங்க ஜெயிச்சோம்’ என்றும், தோல்வியை ‘அவங்க தோத்துட்டாங்க’ என்றும் சொல்லும் போக்கு தெரிந்தது. 1999இல் பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் தேர்தல் முடிந்த பிறகு வீடுகளை நோட்டமிட்ட ஆய்வாளர்கள், வென்ற கட்சியின் சுவரொட்டிகள் நீடித்து நிற்பதையும், தோற்ற கட்சியினுடையவை சீக்கிரம் மறைவதையும் கண்டார்கள்.

பிறர் விழும்போது வரும் இனிப்பு

தன் அணிக்காகத் துடிப்பது வேறு, எதிரணி விழுவதில் ருசி காண்பது வேறு. முதலாவது இல்லாமல் விளையாட்டில் சுவை இல்லை. இரண்டாவதுதான் பாட்டிலை எறிய வைக்கிறது.

அமெரிக்கப் பேஸ்பாலில் நியூயார்க் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிகளின் பகை ஒரு நூற்றாண்டு பழசு. மினா சிக்காரா தலைமையிலான ஆய்வாளர்கள் இரு அணிகளின் தீவிர ரசிகர்கள் 18 பேரை எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து ஆட்டக் காட்சிகளைக் காட்டினார்கள். தம் அணி தோற்றபோது வலியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் வேலை செய்தன. தம் அணி வென்றபோது வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி வேலை செய்தது. உணவு, பணம் போன்ற வெகுமதிகள் கிடைக்கும்போது விழித்துக்கொள்ளும் பகுதி அது. கவனிக்க வேண்டியது அடுத்தது: பகை அணி, சம்பந்தமே இல்லாத பால்ட்டிமோர் ஓரியோல்ஸ் அணியிடம் தோற்றபோதும் அதே பகுதி விழித்தது. தம் அணிக்கு அதனால் ஒரு புள்ளி லாபம் இல்லை. ஆனாலும் இனித்தது. யாருக்கு அந்த இனிப்பு அதிகமாக இருந்ததோ, அவர்களே எதிரணி ரசிகரைத் திட்டவும் மிரட்டவும் அடிக்கவும் கூடியவர்களாகத் தம்மைப் பற்றிப் பதில் எழுதியிருந்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில் ஆட்கள் குறைவு. ஆனால் அது காட்டிய திசை தெளிவானது.

அந்தத் திசையிலேயே அரசியலும் நடக்கிறது. அமெரிக்காவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பொருளாதாரச் சரிவு போன்ற, எல்லோருக்கும் கேடான செய்தியிலும் எதிர்க் கட்சிக்கு அது அடி என்பதால் உள்ளூர ஒரு திருப்தி எழுவதைத் தீவிரக் கட்சிக்காரர்களிடம் கண்டார்கள். நாடு நட்டப்பட்டாலும் அவன் தோற்கட்டும் என்ற இடம் அது.

கொள்கை வேறுபாடுதான் இவ்வளவு வெறுப்புக்குக் காரணமா? உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் 2003இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களுக்கு ஏழைகளுக்கான நலத்திட்டங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டார். நம் கட்சி ஆதரிக்கும் திட்டம் என்று சொன்னால், தம் கொள்கைக்கு நேர் எதிரானதையும் மாணவர்கள் ஆதரித்தார்கள். கட்சிப் பெயர் தம்மைப் பாதித்ததாக அவர்கள் எண்ணவில்லை. திட்டத்தின் தகுதியைத்தான் பார்த்தோம் என்றார்கள். ஜெர்சியின் நிறம் போதுமானதாக இருந்தது. உங்கள் மகனோ மகளோ எதிர்க் கட்சிக்காரரை மணந்தால் வருந்துவீர்களா என்று 1960இல் அமெரிக்கர்களைக் கேட்டபோது, வருந்துவோம் என்றவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். 2010இல் கேட்டபோது குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறைய பாதி, ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கு. சாதி பார்த்துச் சம்பந்தம் பேசும் நமக்கு இந்த எண்களின் கனம் புரியும். கட்சி அங்கே பிறப்பு அடையாளத்தின் இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

தானாகப் பொங்குவதில்லை

இதையெல்லாம் படித்தால் மனிதன் இப்படித்தான், மாற்ற முடியாது என்று தோன்றும். அந்த முடிவு தவறு. அதைக் காட்டும் இரண்டு கோடை முகாம்கள் உண்டு.

ஒன்று பாடப்புத்தகங்களில் இருப்பது. 1954இல் ஒக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் 11, 12 வயதுப் பையன்கள் 22 பேரை முசாஃபர் ஷெரிஃப் இரு குழுவாகப் பிரித்துத் தங்க வைத்தார். ஒரு குழு ராட்லர்ஸ், மற்றது ஈகிள்ஸ். பேஸ்பால், கயிறு இழுத்தல் என்று போட்டிகள் வைத்து, வெல்லும் குழுவுக்குப் பதக்கமும் பேனாக்கத்தியும் பரிசு என்றார். கயிறு இழுத்தலில் தோற்ற ஈகிள்ஸ், ராட்லர்ஸின் கொடியை எரித்தார்கள். பிறகு குடில்களுக்குள் புகுந்து சூறையாடல், கைகலப்பு. ஒன்றாகச் சாப்பிட வைத்தபோது தட்டிலிருந்த சாப்பாட்டையே வீசிக்கொண்டார்கள். முகாமுக்குத் தண்ணீர் வரும் வழி அடைபட்டபோதும், சாப்பாடு வாங்கப்போக வேண்டிய லாரி கிளம்பாமல் நின்றபோதும்தான் நிலைமை மாறியது. எந்தக் கயிற்றால் ஒருவரை ஒருவர் இழுத்தார்களோ அதே கயிற்றை லாரியில் கட்டி, இரு குழுவும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள்.

மற்றது பலரும் அறியாதது. அதற்கு முந்தைய ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் மிடில் குரோவில் ஷெரிஃப் இதே சோதனையை நடத்தித் தோற்றார். அங்கே பையன்களை முதலில் ஒன்றாகப் பழக விட்டுப் பிறகு பிரித்திருந்தார்கள். ஆய்வாளர்களே ரகசியமாகப் பொருட்களைச் சேதப்படுத்தி, பழியை மறு குழுமேல் விழச் செய்து பார்த்தார்கள். பையன்கள் கூடிப் பேசினார்கள். தம் நண்பர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று முடிவு செய்தார்கள். முகாமை நடத்துபவர்கள்மேல் சந்தேகப்பட்டார்கள். சோதனை கைவிடப்பட்டது.

இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் பாடம் முழுமை பெறுகிறது. பிரித்து வைப்பது, பழக விடாமல் செய்வது, ஒருவர் வென்றால் மற்றவருக்கு ஒன்றுமில்லை என்று பரிசை அமைப்பது, பழி சுமத்துவது என்று யாரோ வேலை செய்தால்தான் பகை பொங்குகிறது. முன்பே பழகியவர்களிடம் அந்த வேலை எளிதில் பலிப்பதில்லை.

அந்த வேலையைச் செய்வோர் வரலாறு நெடுக இருக்கிறார்கள். 1990 மே 13இல் சாக்ரெப் நகரில் டைனமோ சாக்ரெப், பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணிகள் ஆட வேண்டிய கால்பந்து ஆட்டம் ரசிகர் கலவரத்தில் நின்றுபோனது. ரெட் ஸ்டார் ரசிகர் படையின் தலைவனாயிருந்தவன் அர்கன் என்று அழைக்கப்பட்டவன். அதே ஆண்டு அவன் அமைத்த துணைப்படைக்கு ஆள் சேர்த்த இடங்களில் கேலரியும் ஒன்று. அடுத்து வந்த யூகோஸ்லாவியப் போர்களில் அந்தப் படை செய்த கொடுமைகள் உலகறிந்தவை. ஆட்டத்தில் ஊறிய வெறுப்பை அரசியல் அப்படியே எடுத்துப் பயன்படுத்திக்கொண்டது.

நம் காலத்தில் அந்த வேலை கைபேசியில் நடக்கிறது. 2021 அக்டோபர் 24இல் துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. பதினொரு பேர் ஆடித் தோற்ற ஆட்டத்துக்கு, முகமது ஷமியை மட்டும் தனியே பிடித்து, அவருடைய மதத்தைச் சொல்லி வசை பொழிந்தார்கள். கிரிக்கெட் தோல்வியின் வலி, அரசியல் ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த வாய்க்காலில் ஓடியது. அப்போது அணித்தலைவர் விராட் கோலி செய்தியாளர்கள் முன் ஷமிக்காக வெளிப்படையாகப் பேசினார். மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவதைக் கடுமையாகக் கண்டித்தார். தொண்டனின் கோபம் எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது என்று சொல்லும் கடமை தலைவனுக்கு உண்டு. அதை அவர் செய்தார்.

சேப்பாக்கம் எழுந்து நின்றது

1999 ஜனவரி. அதற்கு எட்டு மாதம் முன்புதான் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டு சோதனை செய்திருந்தன. 12 ஆண்டுகளுக்குப் பிறகு பாகிஸ்தான் அணி டெஸ்ட் ஆட இந்தியா வந்தது. கூடாது என்று சொல்லி சிவசேனைத் தொண்டர்கள் டெல்லி மைதானத்தின் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டார்கள். அதனால் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது.

சேப்பாக்கத்தில் 271 ரன் இலக்கு. முதுகுவலியைத் தாங்கிக்கொண்டு சச்சின் 136 அடித்தார். 254இல் அவர் ஆட்டமிழந்தபோது இன்னும் 17 ரன்தான் தேவை. அடுத்த நான்கு ரன்களுக்குள் மிச்ச விக்கெட்டுகளும் விழுந்தன. 12 ரன்னில் தோல்வி. அரங்கம் சில கணம் உறைந்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரமும் அவர் அணியினரும் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார்கள்.

இதைச் சென்னைக்காரர்களின் தனிக் குணமாகப் பெருமை பேசிவிட்டுப் போக முடியாது. அதே சேப்பாக்கத்தில், 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தின் சூட்டில் ஐ.பி.எல். ஆட்டம் நடக்கும்போது மைதானத்துக்குள் செருப்பு பறந்தது. மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ஊர் ஒன்று, மைதானம் ஒன்று. அந்தந்த நேரத்தில் மக்கள் மனதில் விழித்திருந்த அடையாளம் எது என்பதுதான் வேறுபட்டது.

இதை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. மார்க் லெவினும் சக ஆய்வாளர்களும் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களை அழைத்து, அந்த அணிமேல் உள்ள பற்றைப் பற்றி எழுத வைத்தார்கள். பிறகு இன்னொரு கட்டடத்துக்கு நடந்துபோகச் சொன்னார்கள். வழியில் ஒருவர் ஓடிவந்து வழுக்கி விழுந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கத்துவார். அவர் அணிந்திருந்தது யுனைடெட் சட்டை என்றால் 13 பேரில் 12 பேர் நின்று உதவினார்கள். பகை அணியான லிவர்பூல் சட்டை என்றால் 10 பேரில் 3 பேர்தான்.

அடுத்த சுற்றில் ஒன்றே ஒன்றை மாற்றினார்கள். யுனைடெட்டைப் பற்றி எழுதச் சொல்லாமல், கால்பந்து ரசிகராக இருப்பதன் நல்ல பக்கங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். வந்தவர்கள் மறுபடியும் யுனைடெட் ரசிகர்கள்தான். இப்போது லிவர்பூல் சட்டைக்காரருக்கு 10 பேரில் 7 பேர் உதவினார்கள். அணியின் ரசிகன் தூங்கி ஆட்டத்தின் ரசிகன் விழித்துக்கொண்டான். அதற்குத் தேவைப்பட்டது சில நிமிட எழுத்து வேலை.

அரசியலுக்கும் இது பொருந்துமா? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மேத்யூ லெவன்டஸ்கி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஜூலை 4 விடுதலை நாளை ஒட்டியும் 2008 ஒலிம்பிக்கை ஒட்டியும் எதிர்க் கட்சிமேல் அமெரிக்கர்களுக்கு இருந்த வெறுப்பு கொஞ்சம் தணிவதைக் கண்டார். நான் இந்தக் கட்சி என்ற நினைப்பைவிட நான் இந்த நாட்டவன் என்ற நினைப்பு மேலே வந்ததே காரணம் என்றார். பிந்தைய சோதனைகள் எல்லாம் இதே பலனைத் தரவில்லை. அதோடு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். லங்காஸ்டரின் இரண்டாம் சுற்றில், எந்த அணிச் சட்டையும் போடாமல் விழுந்தவரைப் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. வேலியைத் தள்ளிப் போட்டாலும் வெளியே ஒருவர் நிற்கத்தான் செய்கிறார். கட்சிப் பகையைத் தேசப் பற்றால் ஆற்றினால் அந்தச் சூடு அண்டை நாட்டின்மேல் திரும்பலாம். சேப்பாக்கம் அன்று தேசத்தையும் தாண்டியது. நாலு நாள் கண்முன் நடந்த நல்ல ஆட்டத்தின்மேல் இருந்த காதல், சொந்த அணிமேல் இருந்த காதலைவிடப் பெரிதாக நின்றது.

தோற்றவர் சம்மதம்

விளையாட்டும் அரசியலும் ஒன்றே என்று சொல்லி முடித்துவிடக் கூடாது. ஆட்டத்தில் தோற்றவர் வீட்டுக்குப் போகலாம். அடுத்த தொடரில் எல்லாரும் சுழியத்திலிருந்து தொடங்குவார்கள். தேர்தலில் தோற்றவர், வென்றவர் இயற்றும் சட்டத்தின்கீழ் ஐந்து ஆண்டு வாழ வேண்டும். ரேஷன் கடையும் பள்ளிக்கூடமும் அந்தச் சட்டத்தில்தான் ஓடும். சில நேரம் ஒரு தரப்பு உண்மையிலேயே தவறாக இருக்கும். அதைத் தவறு என்று உரக்கச் சொல்லத்தான் வேண்டும். எல்லாக் கட்சியும் ஒன்றுதான் என்று ஒதுங்கிக்கொள்வதைப் பண்பு என்று சொல்ல முடியாது.

இந்த வேறுபாடு ரசிகப் பண்பின் தேவையை அரசியலில் பல மடங்கு கூட்டுகிறது. தோற்றவரின் சம்மதம்தான் ஜனநாயகத்தைத் தாங்கி நிற்கும் தூண் என்கிறார்கள் அரசியல் அறிஞர்கள். வென்றவர் ஆட்சியில் அமர்வதில் வியப்பில்லை. தோற்றவர் படையைக் கூட்டாமல், அடுத்த முறை பார்க்கலாம் என்று எழுந்து போவதுதான் வியப்பு.

சேப்பாக்கம் கைதட்டி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1999 ஏப்ரல் 17இல், அ.தி.மு.க. ஆதரவை விலக்கிய பின் மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவாக 269, எதிராக 270. ஒரே ஓட்டில் ஆட்சியை இழந்த பிரதமர் வாஜ்பாய் பதவி விலகினார். 2000இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் 537 ஓட்டு வித்தியாசம் அல் கோரின் அதிபர் கனவை முடித்தது. நீதிமன்றத் தீர்ப்பில் தனக்கு உடன்பாடில்லை என்று சொன்ன அதே உரையில், அதை ஏற்பதாகவும் அவர் அறிவித்தார். அதே நாட்டில் 2021 ஜனவரி 6இல், தோல்வியை ஏற்காத தலைவரின் பேச்சைக் கேட்ட கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. இடையில் அமெரிக்கர்களின் மூளை அமைப்பு மாறிவிடவில்லை. தலைவர் சொன்ன சொல் மாறியிருந்தது.

நம் நாட்டிலும் கவனியுங்கள். 2009 தேர்தலில் தோற்ற பா.ஜ.க. தரப்பு மின்னணு வாக்கு இயந்திரத்தைச் சந்தேகித்தது. 2014க்குப் பிறகு அந்தச் சந்தேகம் காங்கிரஸ் முதலிய கட்சிகளிடம் இடம் மாறியது. சந்தேகம் சரியா தவறா என்பதை ஆதாரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கேள்வி கேட்பது குடிமகனின் உரிமை. ஆனால் தோற்ற தேர்தலில் மட்டும் எழுந்து, வென்ற தேர்தலில் அடங்கிவிடும் சந்தேகம், பிரின்ஸ்டன் மாணவர்களின் கண்ணில் பட்ட 9.8க்கு உறவு. அதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு: இதே நடுவர் இதே தீர்ப்பை எனக்குச் சாதகமாகச் சொல்லியிருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று கேட்டுப் பார்ப்பது.

இந்தப் பண்பு தேர்தல் நாளன்று திடீரென்று முளைக்காது. பள்ளி மைதானத்தில், தெருக் கிரிக்கெட்டில், தொலைக்காட்சி முன் வளர்வது அது. எதிரணி வீரன் அடித்த நல்ல ஷாட்டுக்கு அப்பா கைதட்டினால் பிள்ளையும் தட்டும். அம்பயரை அப்பா வசைபாடினால் பிள்ளையும் பாடும். ஆட்டம் முடிந்ததும் இரு அணிப் பிள்ளைகளையும் கலந்து உட்கார வைத்துச் சாப்பாடு போடும் பள்ளி, மிடில் குரோவ் பையன்களின் பாதுகாப்பைத் தன் பிள்ளைகளுக்குத் தருகிறது. தோற்ற இரவில் வேட்பாளர் முதலில் சொல்வது வென்றவருக்கு வாழ்த்தாக இருக்கட்டும். வென்ற இரவில் தோற்றவர் தெருவுக்குப் போகாதீர்கள் என்று தலைவர் தன் தொண்டர்களைத் தடுக்கட்டும். இவற்றுக்குச் செலவு இல்லை, சட்டமும் தேவையில்லை. எதிரணி ஆடுகளத்தில் இருப்பதால்தான் நம் வெற்றிக்கு ஒரு பொருள் இருக்கிறது. எதிர்க் கட்சி எழுந்து பேச முடிவதால்தான் நம் ஓட்டுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அணியை நேசிப்பவர்கள் அந்த நேசத்துக்காகவே ஆட்டத்தைக் காப்பாற்றியாக வேண்டும்.